ஷூ இப்போது தொடரில் இருக்கிறது

ஷூ தொலைந்ததில் ஒரு கஷ்டமும் இல்லை. அது கிடைத்துவிட்டதில்தான் வினையே ஆரம்பித்தது.

சலூன்காரருக்குப் பிறந்ததிலிருந்தே இடது கால் கொஞ்சம் குட்டை. கொஞ்சம் என்றால், ஒன்றன் மேல் ஒன்றாக வைத்த இரண்டு சோப்புக் கட்டி உயரம். அதை ஈடுகட்ட, இடது ஷூவுக்கு மட்டும் தடிமனான அடிப்பாகம் வைத்துச் செய்து போட்டுக்கொள்வார். அந்த ஷூவோடு நாற்காலிக்குப் பின்னால் நின்றால் ஆள் நட்டு வைத்த கம்பம்தான். கத்தரியும் நூல் பிடித்த மாதிரி போகும். அடிப்பாகத்தில் பசை விட்டுப்போனதால் அதை ஒட்டக் கொடுத்திருந்தார். ஒட்டி வாங்கியதைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறினார். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. காற்று சுகமாக வந்தது. இறங்க வேண்டிய இடம் வந்ததும் இறங்கிவிட்டார். பை இறங்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. இதற்கு மேல் இதில் ஒரு வரி சேர்க்க இடமில்லை என்றுதான் அந்த அப்பாவி மனிதர் நம்பிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையிலேயே பேருந்துக் கழகத் தலைமை அலுவலகத்துக்குப் போனார். அது அவர் சலூனுக்கு நேர் எதிரே, சாலையைத் தாண்டினால் வந்துவிடும். பின்கட்டில் தொலைந்த பொருள் பிரிவு. முன்பு ஒருமுறை குடையைத் தொலைத்துவிட்டு அங்கே போயிருக்கிறார். "என்ன கலர்?" என்று கேட்டார்கள், "கறுப்பு" என்றார், "பிடி?" என்றார்கள், "உடைஞ்சது" என்றார், எடுத்து நீட்டிவிட்டார்கள். அந்தத் தைரியத்தில்தான் போனார். வலது காலில் ஜோடியின் மற்ற ஷூ. இடது காலில் வீட்டுச் செருப்பு, அதன் அடியில் அட்டைப்பெட்டியை மடித்து வைத்துக் கயிற்றால் கட்டியிருந்தது.

கம்பி வலைக்குப் பின்னால் குமாஸ்தா அம்மாள் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் அலமாரி. குடைகள், ஹெல்மெட்டுகள், சாப்பாட்டுக் கேரியர்கள், யாரோ ஒருவரின் சாவிக்கொத்து. மேல் தட்டில், ஒரு சின்ன விளக்கு வெளிச்சத்தில், அவருடைய ஷூ.

"அதோ, மேல இருக்கே, அதான் என்னோடது."

"தெரியுதுங்க," என்றார் குமாஸ்தா அம்மாள். அவர் கண் சலூன்காரரின் வலது காலில் இருந்தது.

"எடுத்துக் குடுத்தீங்கன்னா போட்டுக்கிட்டு அப்படியே கடைக்குப் போயிடுவேன்."

"குடுக்க முடியாதுங்க. அது இப்போ தொடர்ல இருக்கு."

"எதுல?"

குமாஸ்தா அம்மாள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "த்ரெட்டுல. கதை இன்னும் முடியல. முடியறதுக்குள்ள பொருளைக் குடுத்தா எனக்கு மெமோ."

இந்த இடத்தில் கழகத்தின் பெருமையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அந்த ஊரில் பஸ்கள் நேரத்துக்கு வருவதில்லை. சில பஸ்கள் வருவதே இல்லை. மக்கள் நிறுத்தத்தில் நின்றபடி போனை எடுத்துக் கழகத்தின் சமூக வலைதளப் பக்கத்தில் வாய்க்கு வந்தபடி எழுதினார்கள். இதை நிறுத்த இரண்டு வழி இருந்தது: பஸ்ஸை நேரத்துக்கு ஓட்டுவது, பேச்சை மாற்றுவது. இயக்குநர் தீர யோசித்து, டீசல் செலவில்லாத வழியைத் தேர்ந்தெடுத்தார். அதற்காக ஒரு ஆலோசகர் வந்து சேர்ந்தார். 'மனதைக் கட்டிப்போடும் த்ரெட் எழுதுவது எப்படி' என்ற பயிற்சியில் சனி, ஞாயிறு இரண்டு நாள் மாணவராக உட்கார்ந்துவிட்டு, திங்கட்கிழமை முதல் ஆசிரியரானவர் அவர். ஒரே விஷயத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் முடிவிலும் 'அடுத்து என்ன?' என்று ஜனங்களைத் துடிக்கவிட்டுப் பதிவிடுவதுதான் த்ரெட். அதை மனிதர்கள் எழுத வேண்டியதில்லை, ஏஐயிடம் எப்படி எழுத வேண்டும் என்று சரியான ப்ராம்ப்ட் கொடுத்துக் கேட்டால் அதுவே எழுதிக் கொடுக்கும் என்றார் அவர். கழகம் முழுக்கச் சல்லடை போட்டுப் பார்த்ததில், கண்ணீர் வரக்கூடிய பிரிவு தொலைந்த பொருள் பிரிவு ஒன்றுதான் என்று கண்டுபிடித்தார். உடனே சுற்றறிக்கை போனது. கண்டெடுத்த பொருள் எதுவானாலும் முதலில் த்ரெட்டாக வெளிவர வேண்டும். த்ரெட் முடிந்த பிறகே பொருள் உரியவரிடம் போக வேண்டும்.

"இந்தாங்க, நீங்களே பாருங்க," என்று ஒரு கோப்பை வலைக்கு அடியில் தள்ளினார் குமாஸ்தா அம்மாள். ப்ராம்ப்ட்டும் ஒரு எழுத்து வேலைதானே, அது மட்டும் மேசை மேசையாகச் சுற்றாமல் இருக்குமா? 'நீ உலகத் தரம் வாய்ந்த கதைசொல்லி. இருபது ஆண்டு அனுபவம் உள்ளவன்' என்று ஆலோசகர் தொடங்கியிருந்தார். அனுபவச் சான்றிதழ் இணைக்கப்படவில்லை என்று பணியாளர் பிரிவு ஓரத்தில் குறித்திருந்தது. கணக்குப் பிரிவு, 'செலவில்லாமல் உருக்கமாக இருக்க வேண்டும்' என்று சேர்த்தது. சட்டப் பிரிவு, 'உருக்கத்தால் ஏற்படும் விளைவுகளுக்குக் கழகம் பொறுப்பல்ல என்பது தொனிக்க வேண்டும்' என்றது. தொழிற்சங்கம், 'ஓட்டுநரும் நடத்துநரும் எந்தப் பதிவிலும் நல்லவர்களாகவே இருக்க வேண்டும்' என்றது. பணிமனை, 'ஜன்னல் கண்ணாடி உடைந்திருந்த விஷயம் வரக் கூடாது' என்றது. கடைசியில் இயக்குநர் பச்சை மையில் எழுதியிருந்தார்: 'முதல் பதிவிலேயே விஷயத்தைச் சொல்லிவிடக் கூடாது. சொல்லிவிட்டால் அப்புறம் நம்மை எவன் பார்ப்பான்?'

"இதையெல்லாம் கேட்டுட்டு அது ஒழுங்கா எழுதிச்சா?"

"மொதல்ல அது ஒரு கேள்வி கேட்டுச்சுங்க. 'எழுதித் தருகிறேன், அதற்கு முன் உரிமையாளரைத் தேடிப் பார்த்தீர்களா?'ன்னு."

"நல்ல கேள்விதானே?"

"அதனாலதான் கீழ இந்த வரியைச் சேர்த்தாங்க." குமாஸ்தா அம்மாள் விரலால் காட்டினார். 'எதிர்க்கேள்வி கேட்காதே' என்று இருந்தது.

சலூன்காரர் அட்டையை இழுத்துக் கட்டிக்கொண்டு வெறுங்கையோடு கடைக்குத் திரும்பினார்.

புதிதாக ஒரு ஷூ செய்து வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்று யாருக்கும் தோன்றும். அதற்கு மருத்துவமனையில் அளவு கொடுத்து, வரிசையில் பேர் பதிந்து, அரை வருஷம் காத்திருக்க வேண்டும். அதுவரை அட்டைதான். அட்டை காலையில் விறைப்பாக இருக்கும். மதியத்துக்குள் நசுங்கிவிடும். அதனால் காலையில் வந்தவர்கள் நேரான முடியோடும், சாயங்காலம் வந்தவர்கள் சாய்ந்த முடியோடும் போனார்கள். ஒரு காதோரம் கிருதா மேலே, மறு காதோரம் கீழே. அந்தத் தெருவில் ஒருத்தரைப் பார்த்தாலே அவர் எத்தனை மணிக்கு முடி வெட்டிக்கொண்டார் என்று சொல்லிவிடலாம்.

கடை அவருடைய மச்சினனுடையது. மனைவியின் தம்பி. நல்ல பையன்தான், ஆனால் கடை என்று வந்துவிட்டால் கடைக்காரன்.

"மாமா, நேத்து ஒருத்தர் வீட்டுக்குப் போய்க் கண்ணாடி பாத்துட்டு மறுபடி வந்தாரு," என்றான். "தலையைச் சாய்ச்சு வச்சுக்கிட்டே வந்தாரு. அப்பதான் சமமா இருக்காம்."

"என்னடா பண்ணச் சொல்றே? ஷூ எதிர்லதான் இருக்கு. தர மாட்டேங்கறாங்க."

"நான் என்ன மாமா சொல்றது? மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள நேரா நிக்க வழி பண்ணுங்க. இல்லைன்னா நான் வேற ஆளைத்தான் நிறுத்தணும். அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

கத்தரி பிடித்த நாளிலிருந்து சலூன்காரருக்கு வேறு தொழில் தெரியாது. ஒற்றை ஷூ இல்லாத குற்றத்துக்கு நாற்காலியை இழப்பதா?

இடுப்பு வலியோடு வீட்டுக்குப் போனால், மனைவி சமையலறை மேடையில் சாய்ந்து போனைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் ஏதோ தீயும் வாசனை.

"என்ன ஆச்சு? உங்க வீட்ல யாருக்காவது...?"

"ஷ்ஷ். கேளுங்க." அவள் குரல் நடுங்க வாசித்தாள். "'ஒரு ஷூ. ஒன்றே ஒன்று. கடைசி இருக்கை. வெளியே பேய்மழை. அதை வைத்துவிட்டுப் போனவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏன் தெரியுமா?'"

"மழையே பெய்யல," என்றார் சலூன்காரர்.

"சும்மா இருங்க. நாலாவது பதிவுலதான் தெரியுது, அது ஒரு தாத்தாவாம். எண்பது வயசுக்கு மேல. அவர் மக சின்ன வயசுல காணாமப் போயிட்டாளாம். அவ திரும்பி வந்தா போட்டுக்கறதுக்குன்னு தினமும் அந்த ஒத்த ஷூவைத் தூக்கிக்கிட்டு அதே பஸ்ல போய்ட்டு வருவாராம். கண்டக்டர் பாவம், டிக்கெட் காசே வாங்க மாட்டாராம்."

சலூன்காரர் போனை வாங்கிப் பார்த்தார். படத்தில் அவர் ஷூ. அடியில் புதுப் பசை பளபளத்தது. "இது என் ஷூடி."

அவள் எட்டிப் பார்த்தாள். "ஆமா, உங்களோடது மாதிரியேதான் இருக்கு."

"மாதிரி இல்ல. என்னோடதேதான். பஸ்ல விட்டுட்டேன்னு அன்னிக்கே சொன்னேனே!"

"நீங்க மறந்துட்டு இறங்கினீங்க. அவர் மனசு உடைஞ்சு விட்டுட்டுப் போயிருக்காரு. ரெண்டும் ஒண்ணா?" என்று போனைப் பிடுங்கிக்கொண்டாள். "ஈவு இரக்கமே இல்லை உங்களுக்கு. அந்தத் தாத்தா எங்க போனாரோ, சாப்பிட்டாரோ என்னவோ."

தீய்ந்துபோன சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு சலூன்காரர் படுத்தார். தாத்தாவுக்குக் கிடைத்த அனுதாபத்தில் கால்வாசி தனக்குக் கிடைத்திருந்தால் இடுப்புக்கு ஒரு எண்ணெயாவது தேய்த்துவிட்டிருப்பாள் என்று நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த முறை போனபோது குமாஸ்தா அம்மாள் அவரை நேராக ஆலோசகரின் அறைக்கு அனுப்பினார். சுவர் முழுக்க ஒரு திரை. அதில் ஒரு கோடு மலையேறிக்கொண்டிருந்தது. எத்தனை பேர் உருகினார்கள் என்பதற்கான கணக்காம் அது. ஆலோசகர் சலூன்காரரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அவர் முகம் வாடிவிட்டது.

"நீங்கதான் ஓனரா?"

"ஆமாங்க. இதோ, ஜோடி என் கால்லயே இருக்கு."

ஆலோசகர் குனிந்து பார்த்தார். திரையில் இருந்த படத்தையும் பார்த்தார். அதே பழுப்பு நிறம், அதே தையல். "பொருந்துது," என்றார். "ஆனா ஒத்துப்போகல."

"எதோட?"

"த்ரெட்டோட. தாத்தாவுக்கு எண்பது தாண்டியாச்சு. உங்களுக்கு?"

"நாப்பத்தாறு."

"பாத்தீங்களா! மக காணாமப் போயிருக்காளா?"

"எனக்கு மகளே இல்லைங்க. ஒரே பையன். வீட்லதான் இருக்கான்."

"வீட்லயே இருக்கானா!" ஆலோசகர் நெற்றியைத் தேய்த்தார். "சரி, ஏன் விட்டுட்டுப் போனீங்க? மனசைத் தொட்டுச் சொல்லுங்க. அந்த நிமிஷம் உள்ளுக்குள்ள என்ன நடந்தது?"

"இறங்க வேண்டிய இடம் வந்தது. இறங்கிட்டேன்."

"இதுல திருப்பம் எங்கங்க இருக்கு?"

"பஸ்தான் திரும்பிச்சு. நான் நேராப் போயிட்டேன்."

ஆலோசகர் இதையும் கணினியில் தட்டிப் பார்த்தார். 'உரிமையாளர் வந்துவிட்டார், வயது நாற்பத்தாறு, மகள் இல்லை, அழவில்லை, த்ரெட் கெடாமல் இவரை எப்படி முடிப்பது?' என்று ஏஐயிடம் கேட்டார். பதில் உடனே வந்தது. அவர் அதைச் சத்தமாகவே வாசித்தார்: "'உரிமையாளர் வந்துவிட்டார் என்றால் மகிழ்ச்சி. ஷூவை அவரிடம் கொடுத்துவிடுங்கள். நடந்ததை நான்கு வரியில் அப்படியே எழுதலாம், மன்னிப்பும் கேட்கலாம். வேண்டுமானால் எழுதித் தருகிறேன்.'"

சலூன்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "பாருங்க, அதுவே சொல்லிடிச்சு!"

"அதான் சொல்றேன்," என்றார் ஆலோசகர் வருத்தமாக. "ப்ராம்ப்ட் இன்னும் சரியா வரல."

அன்று சலூன்காரர் விடவில்லை. நேராக இயக்குநர் அறைக்கே போய் நின்றார். இயக்குநர் அவரிடம் முடி வெட்டிக்கொள்பவர்தான், அதனால் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். பொறுமையாகவும் பேசினார்.

"உங்க கஷ்டம் புரியுது. ஆனா ஒரு நிர்வாகியா நான் பெரிசா யோசிக்கணும் இல்லையா? பஸ் வரலைன்னா ஆயிரம் பேர் திட்டறாங்க. வந்தா ஒருத்தராவது பாராட்டினாங்களா? இல்ல. அப்ப பஸ் விடறதுல என்ன பிரயோஜனம், சொல்லுங்க. அதே மாதிரிதான் இதுவும். உங்க ஷூவைக் குடுத்துட்டா நீங்க ஒருத்தர்தான் சந்தோஷப்படுவீங்க. குடுக்காம வச்சிருந்தா ஊரே உருகுது. மக்கள் சேவைன்னா எதுங்க? நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க."

சலூன்காரருக்கு நியாயம் தெரிந்திருந்தது. சொல்லத்தான் தெரியவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஊருக்கே பித்துப் பிடித்தது. பஸ் வராத நிறுத்தங்களில் ஜனங்கள் திட்டுவதை விட்டுவிட்டு ஷூ த்ரெட் படித்தார்கள். நிழற்குடைகளில் ஷூவின் படம் ஒட்டினார்கள். தாத்தாவுக்கு ஆதரவாக ஆளுக்கு ஒற்றை ஷூவைக் கழகத்துக்கு அனுப்பி வைத்தார்கள். அனுப்பியவர்கள் எல்லாம் ஒற்றை ஷூவோடு நொண்டினார்களா என்று தெரியாது, ஆனால் பின்கட்டு முழுக்க ஒற்றை ஷூக்கள் குவிந்து குமாஸ்தா அம்மாளின் நாற்காலியைத் தேட வேண்டியதாயிற்று. மற்றப் பொருள்களுக்கும் த்ரெட் ஓடியது. சாவிக்கொத்துக்குச் சொந்தமான குடும்பம் வாசலில் பாயைப் போட்டு உட்கார்ந்திருந்தது. 'இந்தச் சாவி எந்தக் கதவைத் திறக்கும்?' என்று கழகம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த வீட்டுக்காரர் கீழே பதில் எழுதினார், 'என் வீட்டுக் கதவை.' அதற்கு யாரும் இதயம்கூடப் போடவில்லை. சாப்பாட்டுக் கேரியருக்கு 'ஒரு தாயின் அன்பு' என்று தலைப்பு. த்ரெட் பாதி வருவதற்குள் தாயின் அன்பு ஊசிப்போய் நாறத் தொடங்கியது. குமாஸ்தா அம்மாள் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு வேலை பார்த்தார்.

இதற்கிடையே ஜனங்கள், தாத்தாவைக் காட்டு என்று கேட்க ஆரம்பித்தார்கள். தாத்தாவுக்கு எங்கே போவது? கழகத்திலேயே ஓய்வு பெற்றவர்களை வரிசையாக நிற்க வைத்து அழச் சொல்லிப் பார்த்தார்கள். பழைய டிக்கெட் பரிசோதகர் ஒருவர் தேர்வானார். அவருக்குச் சமீபத்தில்தான் கண்ணில் ஆபரேஷன் ஆகியிருந்தது. சொல்லாமலே தண்ணீர் வழிந்தது. ஷூவை அவரிடம் ஒப்படைக்கும் விழாவுக்கு நாள் குறித்தார்கள்.

குறித்த நாள், மாசக் கடைசி. மச்சினன் நாட்காட்டியைப் பார்ப்பதும் மாமாவின் காலைப் பார்ப்பதுமாக இருந்தான்.

விழாவுக்கு முதல் நாள், மத்தியானத்துக்கு மேல், ஆலோசகரே கடைக்கு வந்தார். கண் பளபளத்தது.

"உங்களை விட்டுடுவேனா நான்? ப்ராம்ப்ட்ல உங்களுக்காகவே ஒரு வரி சேர்த்திருக்கேன். கடைசிப் பதிவுல திருப்பம். தாத்தா மேடையில ஷூவை வாங்கறாரு. மக இனி வர மாட்டான்னு அவருக்குப் புரிஞ்சிடுது. அப்ப கூட்டத்துல ஒரு ஏழை முடிதிருத்துபவர், கால் ஊனமானவர், அவர் கண்ல படறாரு. தாத்தா அந்த ஷூவை அவருக்கே தானமாக் குடுத்துடறாரு! என்ன சொல்றீங்க?"

"யாரோட ஷூவை யாருக்குத் தானம் குடுக்கறாரு?"

"பாருங்க, நீங்களும் எதிர்க்கேள்வி கேக்கறீங்க. ஷூ வேணுமா வேண்டாமா?"

சலூன்காரருக்கு ஆத்திரம் தலைக்கேறியது. ஆலோசகரின் கழுத்தில் அப்போது துண்டைச் சுற்றியிருந்தார், கையில் சவரக் கத்தி இருந்தது. நல்ல மனிதர், கத்தியை மேசையில் வைத்துவிட்டார். கல்லாவில் மச்சினன் நாட்காட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேணும்," என்றார்.

விழாவென்றால் தலை அழகாக இருக்க வேண்டாமா? ஆலோசகர் எழுந்ததும் கணக்குப் பிரிவு வந்தது, சட்டப் பிரிவு வந்தது, பணிமனை வந்தது. இயக்குநர் கடைசியாக, சாயங்காலம் வந்து உட்கார்ந்தார். அட்டை அப்போது காகிதமாகி இருந்தது. சலூன்காரர் தன்னால் முடிந்த அளவு நிமிர்ந்து நின்றுதான் வெட்டினார். வேண்டுமென்று செய்தார் என்று யாராவது சொன்னால் அது பழி.

விழா ஜோராக நடந்தது. மேடையின் நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஷூ. பின்னால் வரிசையாக அதிகாரிகள், எல்லோருக்கும் கிருதா ஒரே பக்கம் சாய்ந்திருந்தது. இயக்குநர் பேசினார்: "இந்த ஆண்டு நம் பேருந்துகள் ஓடியது குறைவு. ஆனால் நம் கதைகள் ஓடியதைப் பாருங்கள்! மக்கள் இனிப் பேருந்துக்காகக் காத்திருக்க மாட்டார்கள், அடுத்த பதிவுக்காகக் காத்திருப்பார்கள். காத்திருப்பதை நாம் ஒழிக்கவில்லை, இனிமையாக்கியிருக்கிறோம்." கைத்தட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

டிக்கெட் பரிசோதகர் ஷூவை வாங்கினார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. கூட்டத்தைத் துழாவிப் பார்த்து, சொல்லிக் கொடுத்தபடியே சலூன்காரரை மேடைக்கு அழைத்தார். கையில் ஷூவை வைக்கும்போது காதருகே குனிந்தார்.

"மன்னிச்சுக்கப்பா. ஆயுசு பூரா இலவச பஸ் பாஸ் தர்றேன்னாங்க."

"பஸ்தான் வர்றதில்லையே, பெரியவரே."

"அது எனக்குத் தெரியாதா? பாஸாவது இருக்கட்டுமேன்னு பாத்தேன்."

பிறகு மைக்கை சலூன்காரர் வாயருகே நீட்டினார்கள். தன் ஷூவைத் தனக்கே பிச்சையாகப் போட்டவருக்கு அவர் நன்றி சொல்ல வேண்டும். ஒரு நொடி, நடந்ததையெல்லாம் போட்டு உடைத்துவிடலாமா என்று இருந்தது. முன்வரிசையில் மனைவி முந்தானையால் முகத்தை மூடி விம்மிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் மச்சினன், 'சொல்லுங்க மாமா, சொல்லிட்டு இறங்குங்க' என்று கையால் ஜாடை காட்டினான். "ரொம்ப நன்றிங்க," என்றார் சலூன்காரர். மேடையிலேயே குனிந்து அட்டையை அவிழ்த்து எறிந்துவிட்டு ஷூவை மாட்டிக்கொண்டார். 'பொருந்திவிட்டது!' என்று கடைசிப் பதிவு போனது. ஊர் கதறியது.

வீட்டில் மனைவி ஷூவைக் கழற்றி மரியாதையாகத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். ஷூவின் நாக்கு கிழிந்த இடத்தில் நீல நூலால் ஒரு தையல் இருந்தது.

"ஏங்க... இது நான் தச்சதுங்க."

"ஆமா."

"அப்ப இது உங்களோடதா? அப்ப அந்தத் தாத்தா?"

"டிக்கெட் செக்கர்."

அவள் எழுந்து போய் எண்ணெய்க் கிண்ணத்தைச் சூடாக்கி எடுத்து வந்து அவர் இடுப்பில் தேய்த்துவிட்டாள். பாதியில் ஒரு பெருமூச்சு விட்டாள். "இருந்தாலும் பாவங்க அவரு," என்றாள்.

மறுநாள் காலையிலேயே இயக்குநர் ஆலோசகரோடு கடைக்குள் நுழைந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. விழாப் படத்துக்குக் கீழே ஒருத்தரும் தாத்தாவைப் பற்றி எழுதவில்லையாம். 'இயக்குநரின் கிருதா ஏன் சாய்ந்திருக்கிறது?' என்றுதான் ஊர் முழுக்கக் கேட்டதாம்.

"என்னய்யா வெட்டி வச்சிருக்கே? மத்தியானம் அமைச்சரைப் பாக்கப் போகணும். முதல்ல இதைச் சரி பண்ணு."

"உக்காருங்க சார்."

சலூன்காரர் இரண்டு காலிலும் சமமாக நின்றார். துணியைப் போர்த்தினார், தண்ணீர் தெளித்தார், வலது பக்கக் கிருதாவை அளவெடுத்து அழகாக ஏற்றி வெட்டினார். அப்படி ஒரு நேர்த்தி. இடது பக்கம் பழையபடி காதுக்குக் கீழே தொங்கியது. சீப்பைத் துடைத்து வைத்தார். துணியை உருவி உதறினார். "ஆச்சுங்க."

இயக்குநர் கண்ணாடியைப் பார்த்தார். "ஆச்சா? இந்தப் பக்கம்?"

"அது தொடர்ல இருக்குங்க."

"என்ன விளையாடறியா?"

"இல்லைங்க சார். அந்தப் பக்கமும் இப்பவே வெட்டிட்டா நீங்க ஒருத்தர்தான் சந்தோஷப்படுவீங்க. வெட்டாம விட்டா ஊரே பாக்கும். மக்கள் சேவைன்னா எதுங்க? நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க."

இயக்குநர் துணைக்கு ஆள் தேடி ஆலோசகர் பக்கம் திரும்பினார். ஆலோசகர் அதற்குள் போனை எடுத்து, வெளிச்சம் விழும் பக்கமாக நகர்ந்து நின்றுகொண்டிருந்தார்.

"சார், அப்படியே இருங்க. ரெண்டு காதும் தெரியட்டும்," என்றார். "முதல் பதிவுக்கு இதைவிட நல்ல படம் கிடைக்காது."

கல்லாவில் இருந்த மச்சினன் மேசைக்கு அடியில் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டான். அவன் முதுகு குலுங்கியது. சலூன்காரர் நாற்காலியில் விழுந்த முடியைத் தட்டிவிட்டு வாசல் பக்கம் பார்த்தார்.

"அடுத்து யாருங்க? வாங்க, உக்காருங்க."